மக்கன் பேடா சரியாக வந்த நாள்

ஜூன் 23, திங்கள்

சாம்பார் அடிப்பிடித்தது. யூட்யூபில் வரும் அம்மணி "மிதமான தீ" என்கிறாள். எங்கள் அடுப்புக்குத் தெரிந்தது இரண்டுதான். எரிவது, அணைவது.

அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்துப் பத்து நாள் ஆகிறது. மூன்று மாதம் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. "வயித்த அறுத்தாதான்டா இந்த வூட்ல எனக்கு லீவு" என்றாள் படுத்தபடி. அக்கா அகல்யா விடியற்காலையில் கம்பெனி வேன் ஏறினால் செய்யாறில் ஷூ தைத்துவிட்டு இருட்டியபிறகுதான் இங்கே சேவூரில் இறங்குகிறாள். அப்பா வீட்டுத் தறியில். மிச்சம் இருப்பது பி.இ. முடித்து மூன்று வருஷமாகக் குரூப் ஃபோருக்குப் படிக்கும் நான்.

நான் கரண்டி எடுத்ததும் அப்பா அடுப்படியின் தெருப்பக்க ஜன்னலைச் சாத்தினார். காற்றில் அடுப்பு அணைகிறதாம். இலைகூட அசையவில்லை.

எங்கள் தெருவில் ஆண்பிள்ளை வேலை இல்லாமல் இருக்கலாம். "படிச்சிகினு கீறான்" என்று மரியாதையாகச் சொல்வார்கள். வெங்காயம் அரிந்தால் மானம் போய்விடும்.

ஜூன் 26

அக்கா டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். வெஜ் புலாவ். "லைன்ல ஆறு பேரு வாயில வெச்சிப் பாத்தாங்கடா. ஷூ ஒட்ற பசையே தேவலாமாம்."

ஜூலை 3, வியாழன்

எழுதக் கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

பனீர் மசாலாவுக்கு மஞ்சளும் மிளகாயும் எண்ணெயும் பிசைந்துகொண்டிருந்தேன். தறியிலிருந்து அப்பா, "டேய், இழை அறுந்துச்சு, ஜல்தி வா" என்றார். ஓடினேன். பிடித்தேன். கையைக் கழுவவில்லை. தறியில் நீட்டியிருந்த சந்தன நிறப் பாவு நூலில் என் இரண்டு விரலும் அச்சாக விழுந்தன.

அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. சாயங்காலம் நூல் கொடுக்கும் முதலாளி வந்து, "இன்னா தங்கவேலு இது?" என்றார்.

"சாயம் சரியில்லீங்க. நூலு வரும்போதே இப்படித்தான் வந்துச்சு."

முப்பது வருஷமாக யார் தொழிலையும் குறை சொல்லாத மனிதர். பையன் சமைத்தான் என்று சொல்வதைவிடச் சாயக்காரர் வயிற்றில் அடிப்பது அவருக்கு எளிதாக இருந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நானும் எதுவும் சொல்லவில்லை. பனீர் நன்றாக இல்லை.

ஜூலை 12

பரீட்சை எழுதினேன். காலையில் வைத்த ரசம் அதைவிடப் பரவாயில்லை.

ஜூலை 27, ஞாயிறு

அக்காவை லைன் சூப்பர்வைசர் ஆக்கப் போகிறார்களாம். ஏழு வருஷம் நின்று தைத்ததற்குக் கடைசியாக உட்கார ஒரு நாற்காலி. ஆற்காட்டு இனிப்பு மக்கன் பேடா வாங்கிவரச் சொன்னாள். எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும், நானே செய்கிறேன் என்றேன். இந்தத் திமிர் எங்கிருந்து வருகிறதோ.

முதல் ஈடு எண்ணெயில் கரைந்து காணாமல் போனது. சோடா அதிகம். இரண்டாவது ஈட்டில் சோடாவே போடவில்லை. அப்பா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தார். "கல்லுக்குப் பதிலா பாவுல கட்டித் தொங்கவுடலாம்."

ஆகஸ்ட் 9

மறுபடியும் மக்கன் பேடா. வெளியே கருப்பு, உள்ளே மாவு. எண்ணெய் அதிகம் காய்ந்துவிடுகிறது என்று அம்மா இன்றுதான் சொல்கிறாள். "முன்னாடியே சொல்றதுக்கு இன்னாமா?" என்றேன். "கேட்டியா?" என்றாள்.

ஆகஸ்ட் 17

ஆடி முடிந்த கையோடு தரகர் வந்துவிட்டார். போளூர் பையன், உரக்கடை, கூட்டுக் குடும்பம். அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். "கல்யாணம் வேணாம்னு நான் சொல்லல. வேலைய வுடச் சொன்னா வேணாம்" என்றாள் அக்கா. அப்பா, "அதெல்லாம் பேசிக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம், பேசப்போவதில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஏழு பேர் வந்தார்கள். சொஜ்ஜி, பஜ்ஜியோடு மக்கன் பேடாவும் வைத்தேன். இந்த முறை எல்லாம் கூடி வந்தது. மேல் தோல் மெல்லிசு, உள்ளே முந்திரி, பாகு நடுவரை ஏறியிருந்தது. அக்கா தட்டோடு போனாள். நான் அடுப்படி நிலைப்படியில் நின்றேன்.

பையனின் அம்மா காசியம்மாள் ஒன்றைத் தின்றார். இன்னொன்றை எடுத்தார். "இன்னா, ஆற்காட்ல வாங்கனதா?"

"இல்லீங்க" என்றார் அப்பா. "பொண்ணே செஞ்சது."

"நான் ஷூ கம்பெனியில இருக்கேங்க. சூப்பர்வைசர் ஆகப் போறேன்" என்றாள் அக்கா.

"இந்தக் கைய வெச்சிகினு எதுக்குமா ஷூ தைக்கணும்? எங்க வூட்டுக்கு வா. பத்துப் பேரு ஒக்காந்து துன்னுவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். பொய் சொன்னவர் அப்பா. பாராட்டுக்குப் பல்லைக் காட்டியவன் நான். இரண்டு மாதத்தில் முதல்முறையாக ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறேன், அதை என் அக்கா கழுத்தில் மாட்டிவிட்டார்கள். தீய்ந்துபோயிருந்தால் பிழைத்திருப்பாள்.

பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். வேலையை மட்டும் விட்டுவிட வேண்டுமாம்.

ஆகஸ்ட் 25

வேனுக்குக் கிளம்பும்போது அக்கா, "நீ வாயத் தொறப்பேன்னு பாத்துகினு இருந்தேன்டா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் பேசியிருப்பேன்.

நாள் முழுக்கப் பதில் தேடினேன். ஊரைத் திட்டுகிறேன், அப்பாவைத் திட்டுகிறேன், சாத்திய ஜன்னலைத் திட்டுகிறேன். எல்லாம் இந்த நோட்டில். வெளியே என் வாய்க்கு என்ன கேடு?

ஆகஸ்ட் 28, வியாழன்

அக்கா வேனைவிட்டு இறங்கிச் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, காசியம்மாளின் ஃபோன். அப்பா ஸ்பீக்கரில் போட்டார். மகள் வீட்டு விசேஷத்துக்கு அதே மக்கன் பேடா போட வேண்டுமாம். "பொண்ணுகிட்ட குடுங்க, பக்குவம் கேட்டுக்கறேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். அப்பா எனக்குத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. ஃபோனை வாங்கினேன்.

"அகல்யா தம்பி ஜெயவேல் பேசறேங்க. அத செஞ்சது நான்."

"வெளாடாத தம்பி. அக்காகிட்ட குடு."

"கால் கிலோ கோவாவுக்கு மைதா எழுபத்தஞ்சு கிராம்ங்க. சோடா ரெண்டு சிட்டிகை, மேல போனா கரைஞ்சிடும். எண்ணெ ரொம்பக் காயக் கூடாது. போட்டா அடியில கெடந்து மெதுவா மேல வரணும்."

அந்தப் பக்கம் பேப்பர் புரளும் சத்தம். பிறகு, "ஏலக்கா எப்பப் போட்ட?"

"பாகுலங்க."

"அப்ப பொண்ணுக்கு?"

"முட்டை வேகவெக்கத் தெரியும்ங்க. வேலைய வுட மாட்டா."

வைத்துவிட்டார்.

"முட்டையும் தெரியாதுடா" என்றாள் அக்கா. செருப்பைக் கழற்றினாள்.

அப்பா என்னைப் பார்க்காமல் தறியில் போய் உட்கார்ந்தார். நெய்யவில்லை.

ஆகஸ்ட் 30

தரகர் வந்து சொன்னார். பெண்ணுக்குச் சமையல் தெரியாததைப் பொறுத்துக்கொள்வார்களாம், கற்றுக்கொடுத்துவிடலாமாம். "பையன் பொம்பள வேல செய்யற வூட்ல சம்பந்தம் வேணாம்னுட்டாங்க." ஆக, குற்றவாளி அக்கா இல்லை. நான்.

இரண்டு நாளாக அப்பா கடைப் பரோட்டா தின்கிறார். அம்மா, "வயித்தால போவும், போவட்டும்" என்கிறாள்.

செப்டம்பர் 1

கத்திரிக்காய்க் குழம்பு, கொஞ்சம் புளிப்பு. அப்பா தட்டை எடுத்துவந்து உட்கார்ந்தார். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நாளை முதல் அக்கா சூப்பர்வைசர். காலையிலிருந்து கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாள். அதற்காகக் கேக் செய்யப் போனேன். குக்கரில் வைத்தேன், நடுவில் குழிந்து உட்கார்ந்துவிட்டது. குழியில் ஜாம் ஊற்றிச் சமாளிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தறிச் சத்தம் நின்றது. அப்பா ஃபோனில் பேசினார். சந்தவாசல் வரன் போல.

"பொண்ணு சூப்பர்வைசருங்க... இல்லீங்க, வேலைய வுடாது. அத மொதல்லயே சொல்லிடறேன்... சமையலா? தெரியாதுங்க."

கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன்.

"வூட்ல பையன்தான் செய்யறான்... ஆமாங்க, பையன்."

அந்தக் குரலில் பெருமை இல்லை. கசப்புக் கஷாயத்தை ஒரே மடக்கில் குடிப்பவர் மாதிரி சொன்னார். அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள் என்பது அவர் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்த விதத்தில் தெரிந்தது.

கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, தரகர் கொடுத்த தாளில் அடுத்த நம்பரைத் தேடினார்.