டேவிட் வரைந்த என் முகம்

மார்ச் 16, ஞாயிறு

வெள்ளிக்கிழமை நான் லெந்து உபவாசம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு. கொழுந்தன் டேவிட் வந்து, "அண்ணி, காலிப் பானையோட ரெண்டு நிமிஷம் நில்லுங்க, வரைஞ்சுக்கிறேன்" என்றான். நின்றேன். அரிசிப் பைக்கு வரி போட்டதைக் கிண்டல் செய்யும் கார்ட்டூனாம். பைமேல் மந்திரி உட்கார்ந்திருக்கிறார். எதிரே பட்டினியில் வாடி நிற்கிறேன் நான். என் மூக்கு, என் கண்ணாடி, அப்படியே. வரி அநியாயம்தான். ஆனால் அந்தப் பசி ஆண்டவருக்கும் எனக்கும் நடுவில் இருந்தது. அதை எங்கள் ஊர் பம்மல் முழுக்க வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டார்கள்.

இன்று சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் ஆயரின் மனைவி எல்லார் எதிரிலும் ஓர் அரிசிப் பையை என் கையில் திணித்தார். "வீட்ல கஷ்டம்னா சொல்லக்கூடாதா எஸ்தர்?" பின்வரிசையில் சிரித்தார்கள்.

அந்த அரிசியைத்தான் இரவு வடித்தேன். டேவிட் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டான்.

"கார்ட்டூன் செம்ம ஹிட்டு அண்ணி! உங்க மூஞ்சியிலயே விலைவாசி தெரியுதாம். சாதமும் இன்னிக்கு சூப்பர்."

"தர்மத்துக்கு வந்த அரிசிப்பா. என் மூஞ்சிய வரைஞ்சு நீ சம்பாதிச்சது. இன்னும் கொஞ்சம் போடவா?"

வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை அவனுக்கு. அப்படிச் சொன்னதற்கு ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்க இப்போது முழங்காலிட்டேன். ஜெபம் வரவில்லை. சிரிப்புதான் வருகிறது.