பின்னறையில் காற்று வரும் வழிகள்

1991 பெப்ரவரி 3, ஞாயிறு
இரண்டு பாகை. எட்மண்டன் முழுவதும் சாம்பல் நிறம். இன்றைய வேலை: குளிர்காற்று எங்கெங்கே நுழைகிறது என்று பார்ப்பது. ஊதுபத்தி கொளுத்தி, புகை சாயும் இடமெல்லாம் வெண்கட்டியால் குறி. முன் ஜன்னல், தபால் துளை, படிக்கட்டு இடுக்கு. மோசமானது பின்னறை. சுவரின் அடியில் ஒரு சல்லடைத் தகடு. புகை படுத்தே விட்டது.

அந்த அறையில்தான் மச்சாள், என் கணவரின் அக்கா. ஊரிலிருந்து வந்து மூன்று மாதம். தம்பியிடம் சொல்கிறார்: "சாமிக்கு ஒரு நாளும் கொளுத்தாத ஆள், ஜன்னலுக்குத் தூபம் காட்டுறா."

4, திங்கள்
ஜன்னல் விளிம்புகளுக்குப் பஞ்சு நாடா. சல்லடைத் தகடு, ஊர் வீடுகளில்போல வெக்கை போக விட்ட துளையாக இருக்கும். பெப்ரவரிக் குளிரில் எதற்கு? பழைய சீலைத் துண்டு திணித்து, மேலே அட்டை. புகை நேராக. திருப்தி.

மச்சாள்: "இப்பதான் அறை அறை மாதிரி."

6, புதன்
மச்சாளுக்குத் தலையிடி. நேற்றும். அறையில் காஸ் ஹீட்டர் முன்னால் சுருண்டு கிடக்கிறார். நாவூறாம், ஆரோ கண் வைத்துவிட்டார்களாம். கடைக்குப் போனால் தலையிடி இல்லை. வெங்காயம் உரிக்கச் சொன்னால் உண்டு. வேலைக்குத் தப்ப ஒரு சாட்டு என்று கணவரிடம் சொன்னேன்.

பால், முட்டை, பல்ப் 60.

8, வெள்ளி
பனி. ரயில் இல்லை, வேலை இல்லை. பின்னறையில் மச்சாளுடன், புத்தகமும் கையுமாக. பதினொன்றரைக்கு எனக்கும் நெற்றி இடித்தது. பிறகு ஓங்காளம், வாந்தி வரும்போல. மச்சாள் நித்திரை; கூப்பிட்டும் அசைவில்லை. ஹீட்டரில் சுவாலை மஞ்சள். நீலமாக இருக்க வேண்டும்; மஞ்சள் என்றால் காற்றுப் போதாமல் நச்சுவாயு. பௌதிகம் படித்தவள் நான்.

ஹீட்டரை அணைத்து, அவரை இழுத்துக்கொண்டு முன்வாசலுக்கு. பனியில் குனிந்து, தின்றதெல்லாம் சத்தி எடுத்தார். "விடும், குளிருது." அம்புலன்ஸ். ஆஸ்பத்திரியில் ஒட்சிசன்.

9, சனி
மச்சாள் வீடு திரும்பிவிட்டார். காஸ்காரர் வந்து, சீலையை இரண்டு விரலால் வெளியே இழுத்தார். ஹீட்டருக்குக் காற்று வரும் துளை இது, யார் அடைத்தது என்றார். நான் என்றேன். புகைபோக்கியும் பாதி அடைப்பாம்.

மச்சாளுக்கு இங்கிலீஷ் விளங்காது. "என்னவாம்?"
"புகைபோக்கி அடைப்பாம்."

11, திங்கள்
பனி கரைகிறது, அழுக்காக. மச்சாள் போனில், ஆருக்கோ: "ஓம், புகைபோக்கிதானாம். இவ இல்லாட்டி நான் இல்லை."

போனை வைக்கும்வரை நின்றேன். துளையை அடைத்தது நான், அதனால்தான் வந்தது என்றேன்.

மச்சாள் தன் சீலை மடிப்பைச் சரிசெய்தார்.

"குளிரக்கூடாதெண்டு அடைச்சனீர். அதை விடும். சாட்டெண்டு தம்பிக்குச் சொன்னீரே, எனக்குக் கேட்டது. அதுக்கு என்ன சொல்லுறீர்?"