நெருப்பில் இருந்தது விளைமீன்

மச்சான்,

முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள். வரி நேராகத்தான் தொடங்குகிறது. பாதி வழியில் நங்கூரம் இழுபட்ட வள்ளம்போல ஒரு பக்கமாய்ப் போய்விடுகிறது. காலமெல்லாம் வலை முடிச்சுப் போட்ட விரல்களுக்குப் பேனை ஒரு ஈர்க்குச்சிதான். அழுத்தினால் கொப்பி கிழிகிறது, விட்டால் எழுத்து விழவில்லை. ஆனாலும் பார், இது நான் எழுதுவது. யாரிடமும் சொல்லி எழுதுவிக்கவில்லை. இதைச் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது.

இன்று காலை உன் வேதப்புத்தகத்தைத் திறந்தேன். மண்ணெண்ணெய் மணம் வந்தது. எத்தனை வருசமாய் வள்ளத்தில் எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாய்! நீ போய் ஒரு வருசம் ஆகிவிட்டது, அந்த மணம் போகவில்லை. தாளைப் புரட்டப் புரட்ட நீ பக்கத்தில் வந்து குந்தியிருப்பதுபோல இருந்தது. அதனால் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. அதோடு, உன்மேல் எனக்கு இருக்கும் பொறாமையை உனக்கு நேரே சொல்லவேண்டும் என்றும் தோன்றியது.

உனக்கு அது தெரியும். நீயும் நானும் ஒரே கரையில் வளர்ந்தோம், ஒரே வள்ளத்தில் போனோம், என் தங்கச்சியையே நீ கட்டினாய். ஆனால் உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டார்கள், என்னைக் கடலுக்கு விட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். காலையில் வள்ளம் கரைக்கு வந்ததும் நாங்கள் எல்லோரும் குனிந்து வலையிலிருந்து மீன் கழற்றுவோம். நீ உன் பங்கு வலையை முதலே முடித்துவிட்டு, வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் ஏறி இருந்து, கோயில் கலண்டரில் அன்றைக்கு என்ன வாசகம் என்று பார்த்து, புத்தகத்தைத் திறப்பாய். விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு முதலில் உனக்குள் வாசிப்பாய். அப்போது உன் முகத்தில் ஒரு அசைவு வரும். யாரோ உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல. அந்த முகத்தைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே வெயில், ஒரே மணல், ஒரே மீன் நாற்றம். உன்னோடு மட்டும் ஒருவர் கதைக்கிறார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏன்டாப்பா, உன்னோட மட்டும் அவர் கதைக்கிறார், என்னோட ஏன் கதைக்கிறாரில்லை?"

"எல்லாரோடயும்தான் கதைக்கிறார். வா, இந்த மணலில 'அ' போடு. பத்து நாளில வாசிப்பாய்."

"உன்னட்டப் படிச்சா நீ சாகுமட்டும் சொல்லிக் காட்டுவாய்."

"ஓம், காட்டுவன்தான்" என்றாய். வலையடி முழுக்கச் சிரித்தது. நான் படிக்கவில்லை.

கோயிலிலும் அப்படித்தான். முதலாம் வாசகத்துக்கு நீ வெள்ளைச் சேட்டோடு எழும்பிப் போவாய். வாசித்துவிட்டு வரும்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பார்வை வரும். நான் தலையைச் சொறிவேன். ஆனால் நற்செய்தி மட்டும் சுவாமிதான் வாசிப்பார். "கோயிலில நற்செய்தி சுவாமிக்கு, கரையில எனக்கு" என்று நீ சொல்வாய். அதிலும் ஒரு பெருமை உனக்கு.

இவ்வளவு பொறாமைக்குள்ளும் எனக்கென்று ஒன்று வைத்திருந்தேன். அது விளைமீன்.

என் மனிசி செத்த மாதம் உனக்கு ஞாபகம் இருக்கும். நான் கடலுக்கு வரவில்லை, கோயிலுக்குப் போகவில்லை, கரையில் வலை வைக்கிற வாடிக்குள் சுருண்டு கிடந்தேன். தங்கச்சி கொண்டுவந்த சோற்றைத் திருப்பி அனுப்பினேன். வந்தவர்கள் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். நீ மட்டும் ஒரு காலை வந்து, கவிழ்த்து வைத்த பெட்டியில் குந்தியிருந்து, புத்தகத்தைத் திறந்து வாசித்தாய். ஆண்டவர் உயிர்த்த பிறகு நடந்த கதை. இராயப்பரும் மற்றவர்களும் இரவு முழுக்க வலை வளைத்து ஒன்றும் படவில்லை. விடியக் கரையில் ஒருவர் நின்று, வலப் பக்கம் போடுங்கள் என்கிறார். வலை இழுக்க முடியாமல் மீன் படுகிறது. கரைக்கு வந்து பார்த்தால், அவர் தணல் மூட்டி மீன் சுட்டு வைத்திருக்கிறார், வந்து சாப்பிடுங்கள் என்கிறார்.

அந்த இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய்.

"நெருப்பில இருந்தது என்ன மீன் எண்டு தெரியுமோ?"

நான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன்.

"விளைமீன்."

"பொய் சொல்லாத."

"பொய்யோ? புத்தகம் என்ர கையில கிடக்கு. ஏலுமெண்டா நீ வாசிச்சுப் பார்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் என் மனிசி விளைமீன் சொதி வைப்பாள். வேறு மீன் எனக்கு இறங்காது என்று அவளுக்குத் தெரியும். அது ஆண்டவருக்கும் தெரிந்திருக்கிறதே என்று நினைத்தேன். எனக்குக் கண் கலங்கியது. அன்றைக்குத்தான் தங்கச்சியிடம் சோறு கேட்டேன். மறுநாள் வள்ளத்தில் ஏறினேன்.

அதற்குப் பிறகு உயிர்ப்புத் திருநாளை ஒட்டிய ஒவ்வொரு பாஸ்கா காலமும் கரையில் அந்த வாசகம் வந்தால், நீ என்னைக் கடைக்கண்ணால் பார்ப்பாய், நான் தலையாட்டுவேன். மற்றவர்கள் மீன் கழற்றிக்கொண்டிருப்பார்கள். வேதப்புத்தகம் முழுவதும் உன்னுடையது. அந்த ஒரு மீன் மட்டும் என்னுடையது.

உன்னை அடக்கம் பண்ணின கிழமை தங்கச்சி இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தாள்.

"அண்ணை, இதை நீங்க வைச்சிருங்கோ. எனக்குக் கண் தெரியேல்லை."

"எனக்கு எழுத்துத் தெரியாதே, பிள்ளை."

"என்ர கண் இனித் திரும்பாது. எழுத்துப் படிக்கலாம்தானே?"

கோயில் மண்டபத்தில் கன்னியர் மடத்துச் சிஸ்ரர் ஒருவர் பெரியவர்களுக்குப் படிப்பிக்கிறார் என்று போனேன். நானும் கொஞ்சம் கிழவிகளும். அவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரிகள். ஆனால் மச்சான், ஒருநாள் சந்தியில் நின்றபோது வந்த பஸ்ஸின் நெற்றியில் 'அடம்பன்' என்று ஊர்ப்பேர் இருந்தது! யாரும் சொல்லவில்லை, நானே வாசித்தேன். அந்த பஸ்ஸில் எனக்கு ஒரு அலுவலும் இல்லை, ஆனாலும் ஏறிவிட்டேன். வழி முழுக்க மதில், கடை, உரப்பை எல்லாம் வாசித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தேன். சந்தோசத்தில் பைத்தியம் பிடித்தவன்போல இருந்திருப்பேன்.

எழுத்துக் கூட்ட வந்ததும் நான் தேடிய முதல் இடம் அதுதான். சிஸ்ரரிடம் பக்கத்தைக் கேட்டு, ஒரு புனிதரின் சுரூபப் படத்தை அடையாளம் வைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து காலை வெளிச்சத்தில் திறந்தேன். இராயப்பரைப் புத்தகத்தில் பேதுரு என்று எழுதியிருக்கிறார்கள், அதைக் கண்டுபிடிக்கவே நேரம் போனது. வலை இருந்தது. கரை இருந்தது. தணல் இருந்தது. தணலுக்கு மேலே மீன்.

மீன். அவ்வளவுதான்.

எழுத்தைத் தவறவிட்டேனாக்கும் என்று திரும்ப வாசித்தேன். பக்கத்தைப் புரட்டினேன், முன்னுக்குப் போனேன். வலையில் பட்ட மீனுக்குக்கூடக் கணக்கு இருக்கிறது, நூற்றைம்பத்து மூன்று. பெயர் இல்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சிஸ்ரரிடம் ஓடினேன்.

"சிஸ்ரர், இதில அச்சுப் பிழை. மீன்ர பேர் விடுபட்டுப் போச்சு."

சிஸ்ரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்வரை சிரித்தார். "எந்த வேதப்புத்தகத்திலயும் இல்லை, ஐயா."

"எழுதினது யோவான். அவரும் மீன்காரன்தானே? இவ்வளவு மீனையும் எண்ணினவர், என்ன மீன் எண்டு சொல்லாமல் விடுவாரோ?"

"அதை மோட்சத்தில போய்த்தான் கேக்கவேணும்" என்றார்.

நான் சிரிக்கவில்லை. உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத என்னிடம் இன்னும் சொல் சேரவில்லை. அந்த ஒரு மீனைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்த வாடியை விட்டு வெளியே வந்தேன். அது புத்தகத்தில் இல்லையென்றால், அன்றைக்கு என்னோடு கதைத்தது யார்? ஆண்டவரா, நீயா? என்னோடும் அவர் ஒருதரம் கதைத்தார் என்று இத்தனை வருசம் நம்பியிருந்தேனே. அதுவும் உன்னுடைய வாய்தானா?

இந்த நிலையில் உன் ஆண்டு நினைவு வந்தது. பூசை முடிந்து, வீட்டில் செபமாலை சொல்லி, வேதம் வாசித்து, சாப்பாடு. தங்கச்சி வந்து சொன்னாள், "அண்ணை, அந்தக் கரையில மீன் சுட்ட வாசகத்தை நீங்கதான் வாசிக்கவேணும். அவருக்கு அதுதான் விருப்பம்."

 உள்ளபடி வாசித்தால் என் மீன் எல்லோருக்கும் முன்னால் செத்துவிடும். விளைமீன் என்று சேர்த்து வாசித்தால், வாசிக்கப் படித்த முதல் வருசத்திலேயே வேதப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொன்னவன் ஆவேன். முடிவு எடுக்காமலே எழும்பினேன்.

தகரப் பந்தல் நிறையக் கதிரைகள், கதிரை நிறையச் சனம். உன்னைப்போல விரலை வரிக்குக் கீழே வைத்தேன். மெல்ல மெல்லப் போனேன். தணல் வரை வந்தேன். "மீன்" என்று வாசித்தேன். அதற்கு மேல் என்னால் போக முடியவில்லை. நின்றுவிட்டேன்.

அப்போது, உன் பழைய கூட்டாளி, நண்டு வலைக்காரன் அந்தோனி, முன் கதிரையிலிருந்து, எனக்கு எடுத்துக் கொடுப்பவன்போலச் சொன்னான்:

"பாரை."

நான் புத்தகத்தை விட்டு நிமிர்ந்தேன். "என்ன?"

"பாரை, அண்ணை. நெருப்பில இருந்தது பாரை. என்ர வலை முழுக்க அறுந்துபோன வருசம் வந்திருந்து வாசிச்சுக் காட்டினவர். மறந்துபோனியளோ?"

"இல்லையே" என்றார் பின்னால் இருந்து காதர். எருக்கலம்பிட்டியில் மீன் வியாபாரம் செய்கிற காதரைத்தான் சொல்கிறேன். "கும்பிளா எல்லோ? நாங்க இடம்பெயர்ந்து போய், கனகாலத்தால திரும்பி வந்து, இடிஞ்ச வீட்டடியில நான் குந்திக்கொண்டு இருந்தன். வந்து இந்தக் கதையைச் சொன்னார். ஈசா நபி கரையில சுட்டது கும்பிளா எண்டார். என்ர வாப்பா சைக்கிளில கொண்டு திரிஞ்சு வித்த மீன் அது."

"காதர் நானா, கும்பிளாவுக்கு முள்ளு. ஆண்டவர் விருந்துக்கு முள்ளு மீன் சுடுவாரோ?"

"உன்ர பாரை மட்டும் சீனிப் பாகோ?"

பந்தல் சிரித்தது. செபமா, சந்தையா என்று தெரியவில்லை. அப்போது குசினி வாசலில் அகப்பையோடு நின்ற என் தங்கச்சி சொன்னாள்:

"எனக்குச் சொன்னது சூடை."

அந்தோனியும் காதரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"சண்டைக்குப் பயந்து ஓடி இந்தியாவில முகாமில இருக்கேக்க சூடைதான் வாங்க ஏலும். ஒவ்வொரு நாளும் சூடை. வேற ஒண்டும் ஆக்கிக் குடுக்க ஏலாமல் நான் அழுவன். அவர் சோத்துக் கோப்பையைக் கையில எடுத்துக்கொண்டு, ஆண்டவரும் சூடைதானடி சுட்டவர் எண்டு சொல்லிச் சொல்லிச் சாப்பிடுவார்."

மச்சான், அந்த இடத்தில் எனக்கு வந்தது அழுகை இல்லை, பொறாமை. ஒவ்வொருவனுக்கும் ஒரு மீன் கொடுத்திருக்கிறாய்! எனக்கு மட்டும் என்று கண்ணைக் காட்டிவிட்டு, அந்தோனிக்கும் அதே கண், காதருக்கும் அதே கண். என் தங்கச்சிக்கு எனக்கும் முந்தி. மிச்ச வாசகத்தை நான் கோபத்தோடுதான் வாசித்து முடித்தேன். அதனால் தடக்காமல் போனது. நன்றாக வாசித்தேன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

சாப்பாட்டில் தங்கச்சி எனக்குச் சூடைப் பொரியல் வைத்தாள். "விளைமீன் கிடைக்கேல்லை, அண்ணை" என்றாள். நான் அவளிடம் ஒருநாளும் என் மீனைச் சொன்னதில்லை. நீ சொல்லியிருக்கிறாய்.  இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

இப்போது தினமும் காலையில் புத்தகத்தோடு கரைக்குப் போகிறேன். மீன் கழற்றுகிறவர்களுக்கு வாசிக்கிறேன். "பெரியவர், மீன் நாறமுதல் வாசிச்சு முடியுங்கோ" என்று பகிடி பண்ணுகிறார்கள். பண்ணட்டும். சில நாட்களில் ஒரு வரி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. அப்போது என் முகமும் உன் முகம்போல அசையுமாக்கும். பார்த்துச் சொல்லத்தான் நீ இல்லை.

போன கிழமை ஒருவன் எஞ்சின் பழுதாகித் தொழில் இல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். இதுதான் சமயம் என்று பக்கத்தில் போய், அந்த வாசகத்தை முழுக்க வாசித்து, தணலில் இருந்தது கணவாய் என்று சொன்னேன். அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான். "கணவாய் எனக்கு ஒத்துக்கொள்ளாது, ஐயா. உடம்பெல்லாம் கடிச்சுத் தடிக்கும்" என்றான்.

அந்தப் பொறாமைதான் இனி என்னோடு இருக்கும். எழுத்தைப் படித்துவிட்டேன். கேட்காமலே ஒருவனுடைய மீனை அறிவது எப்படி என்று எந்தக் கொப்பியிலும் இல்லை. அதுவும் உனக்கு ஒரு வாசிப்பு. அதை நீ யாரிடம் படித்தாய் என்று யோசிக்கிறேன். காலையில் நீ உனக்குள் வாசித்தபோது உன் முகம் அசைந்ததே, அப்போது உனக்குச் சொல்லித் தந்தவர்தான் தந்திருக்கவேண்டும். அப்படியென்றால் வாடிக்குள் என்னோடு கதைத்தது நீயா அவரா என்று நான் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. வாய் உன்னுடையதாக இருந்திருக்கட்டும்.

விரல் நோகிறது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், மிச்சக் கோபத்தையும் எழுதுகிறேன்; அதற்குள் 'ழ' கொஞ்சம் திருந்தும். நீ இப்போது அந்தக் கரையில் நிற்பாய். அந்தத் தணலையும் கண்டிருப்பாய். இந்த முறையும் எனக்கு முந்திவிட்டாய். நான் வருமட்டும் எனக்கு ஒரு உதவி செய். அங்கே நெருப்பில் இருப்பது விளைமீன் இல்லையென்றால், யாரிடமும் சொல்லாதே.