சைக்கிளை எடுத்தது நான்தான், மாமா

ஊரையே அதட்டிவிட்டு எனக்கு மட்டும் பயந்த என் பிரியமான மாமாவுக்கு,

உங்கள் சைக்கிளை எடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் போனதிலிருந்து மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் மழையில் நனைந்து கிடந்தது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார் உங்கள் மகன். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியில் எனக்குச் சமையல் வேலை கிடைத்திருக்கிறது. அடி அண்ணாமலையிலிருந்து பஸ்ஸை நம்பிப் போனால் காலை இட்லி மத்தியானம்தான் வேகும். அதனால் எனக்கு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

டயர், டியூப், செயின், பிரேக் கட்டை எல்லாம் புதிது. துருவைச் சுரண்டிக் கறுப்புப் பெயின்ட் அடித்தாயிற்று. பெல்லையும் மாற்றச் சொன்னார் கடைக்காரர். நான்தான் வேண்டாம் என்றேன். அந்தக் கணீர் சத்தம் இப்போது வரும் பெல்லில் ஏது மாமா? எண்ணெய் விட்டு அதையே மாட்டச் சொன்னேன்.

முதல் நாள் சாயங்காலம் வாசலில் ஆடு மறித்துப் படுத்திருந்தது. பெல் அடித்தேன். நீங்கள் போன பிறகு அத்தைக்குக் கண் சுத்தமாகத் தெரிவதில்லை. நாங்கள் தூக்கி உட்காரவைத்தால்தான் உட்காருவார். அன்றைக்குத் தானாகவே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கதவு வரை வந்துவிட்டார்.

"மாமா வந்துட்டாரு. தண்ணி மொண்டு வைம்மா."

"நான்தான் அத்தை. மாமா சைக்கிள்ல வந்தேன்."

"அவரு பெல்லு எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார்.

உங்கள் மகனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அம்மா எழுந்து நடக்குதே! தினம் பெல்லு அடி" என்றார். நானும் ஆசையாக அடித்தேன்.

அப்புறம் அத்தை ராச்சாப்பாட்டை ஒதுக்க ஆரம்பித்தார். "அவரு வரட்டும், சேர்ந்து சாப்புடுறேன்" என்பார். நீங்கள் போன பிறகு தொடாத முகூர்த்தப் புடவையைப் பெட்டியிலிருந்து தடவி எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். கீழ்பென்னாத்தூரில் தன் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போவதாக நீங்கள் சொல்லியிருக்கிறீர்களாம். அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் மாமா? எல்லோரும் உங்களோடு அல்லவா இருக்கிறார்கள்?

எனக்குப் பயம் வந்துவிட்டது. தெருமுனையிலேயே இறங்கி, சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு வந்தேன். "இன்னிக்கி ஏன் வரல?" என்று அழுதார். பகல் சாப்பாடும் நின்றது. அடித்தாலும் வம்பு, அடிக்காவிட்டாலும் வம்பு. டாக்டர், உடம்பில் ஒன்றுமில்லை, வயசுதான் என்கிறார்.

நேற்று டயர் பஞ்சர். சைக்கிளைக் கடையில் விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினேன். உங்கள் மகன் இன்னும் கழனியிலிருந்து வரவில்லை. அத்தை அந்தப் புடவையைத் தானாகவே சுற்றிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"பெல்லு கேக்கல? வாசல்ல நிக்கிறாரு. நான் போறேம்மா."

"போயிட்டு வரேன்னு சொல்லுங்க அத்தை" என்றேன். அவர் சொல்லவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை. இருந்தும் கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் வந்தேன். ராத்திரி ஒரு வாய்க் கஞ்சி கொடுப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

மாமா, உங்களுக்கு அத்தை இல்லாமல் இருந்து பழக்கமில்லை. தெரியும். ஆனாலும் அத்தையை நான் விடமாட்டேன். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை மகளாக வைத்துக்கொண்டவர். அவர் இல்லாத வீட்டில் நான் யாரிடம் சண்டை போடுவேன்?

நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். பஞ்சர் ஒட்டிச் சைக்கிளை வாங்கிவந்து, அத்தையைக் கேரியரில் உட்காரவைத்து, உங்கள் மகனைப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கிரிவலப் பாதை வரை நானே உருட்டிப்போவேன். இளநீர் வாங்கிக் கொடுப்பேன். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குத் திரும்பக் கூட்டிவந்துவிடுவேன். இது சத்தியம்.

வழியில் நீங்கள் நின்றால் பெல் அடிப்பேன் மாமா. ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு மருமகள்
மல்லிகா