பாஷா வீட்டுப் பணிப்பெண்

மன்சூரா,
17 நவம்பர் 1994

அன்புள்ள மம்தூஹுக்கு,

ஸலாம். தம்மாமில் அல்லாஹ் உங்களைச் சுகமாக வைத்திருக்கட்டும். இங்கே நுஹாவுக்கு முன்பற்கள் இரண்டும் விழுந்துவிட்டன. ஸலாம் சொல்லச் சொன்னால் வெறும் காற்றுதான் வருகிறது. அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ஆனால் மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை. காரணத்தைத் தொலைபேசியில் உங்களிடம் சொல்லியிருப்பார். என் வாயாலும் ஒருமுறை நீங்கள் கேட்டுவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கல்லூரியில் இந்தப் பருவத்தில் எங்களுக்குப் பாடம் ஒரு பழைய நாவல். மன்னர் காலத்துப் பிரபுவான ஒரு பாஷாவின் மாளிகை, அதில் யார் எந்தத் தளத்தில் இருக்கலாம், யார் எந்த வாசலில் நுழையலாம் என்பதுதான் கதை முழுக்க. அதில் ஒரு பணிப்பெண் நாற்பது வருடம் அந்தக் குடும்பத்துக்கு உழைக்கிறாள். கடைசியில் வீடு விற்கப்படுகிறது. எல்லோரும் வண்டியேறிப் போன பிறகும் அவள் மட்டும் காலி வீட்டைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய குணம் என்ன என்று பேராசிரியர் கேட்டார். வகுப்பிலேயே மூத்தவள் நான்தானே, முதலில் எழுந்து "விசுவாசம்" என்றேன். நன்றாகவும் பேசினேன்.

எனக்கு இரண்டு வரிசை பின்னால் ஹனிய்யா உட்கார்ந்திருந்தாள். ஆமாம், நம் வாட்ச்மேன் பஸ்தாவியின் மகள்தான். ஒரு வருடமாக அவள் என் வகுப்பில் படிக்கிறாள். நான் உங்களுக்கு எழுதவில்லை. காலையில் நம் படிகளைக் கழுவிவிட்டு, உடை மாற்றிக்கொண்டு கல்லூரிக்கு வருவாள். அங்கே அவளைத் தெரிந்ததாக நான் காட்டிக்கொண்டதே இல்லை. அவளும் என்னைச் சங்கடப்படுத்தியதில்லை.

அன்று அவள் எழுந்தாள். "அவ விசுவாசமானவன்னு சொல்றது யாரு சார்? மேசையில உக்காந்து சாப்பிட்டவங்கதானே. அவளுக்குப் போறதுக்கு வேற இடமில்ல. அதுக்குப் போய் நாம ஒரு நல்ல பேரு வெச்சுட்டோம்" என்றாள்.

நம் இரண்டாம் மாடி டாக்டரின் மகள் லமீஸும் அதே வகுப்புதான். "மாடிப்படிக்கு அடியில குடியிருந்தா வேலைக்காரி மனசு நல்லாத்தான் புரியும்" என்றாள். பலர் சிரித்தார்கள். ஹனிய்யா புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தாள். பேராசிரியர் பேச்சை மாற்றப் பார்த்தார்.

நான் எப்படி எழுந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. "எங்கப்பா தன்தா ஊர்ல இஸ்திரி போட்டவரு. பெரிய வீட்டுத் துணியெல்லாம் சமையக்கட்டு வாசல்ல நின்னுதான் குடுப்பாரு. இந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி. நான் தெரிஞ்சேதான் மாத்திச் சொன்னேன்" என்றேன்.

அவ்வளவுதான். நான் பஸ் பிடித்து வீடு வருவதற்குள் நம் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பதினைந்து வருடமாக என் அப்பாவைத் துணி வியாபாரி என்று சொல்லிவந்தவர் அத்தை. "ஊரு கேக்காத கேள்விக்கு நீ ஏம்மா போய் பதில் சொன்ன?" என்று மட்டும் கேட்டார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அவரும் அந்தப் பொய்யைச் சுமந்தார்.

மறுநாள் டாக்டரின் மனைவி ஒரு தாளோடு வந்தார். வாட்ச்மேன் குடும்பம் இனி லிஃப்டைத் தொடக்கூடாது, பின்பக்க இரும்புப் படிக்கட்டில்தான் போகவர வேண்டும், ஹனிய்யா எல்லா வீடுகளுக்கும் காய்கறி வாங்கித் தர வேண்டும், முடியாதென்றால் இம்மாதக் கடைசியில் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. ஆறு வீட்டுக் கையெழுத்தும் இருக்கிறது. கட்டடம் உங்கள் பெயரில் இருப்பதால் உங்களுடையதுதான் பாக்கி. உங்களுக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தார். நான் அனுப்பவில்லை. அத்தை வேறொரு பிரதியை அனுப்பியிருக்கலாம்.

பஸ்தாவி வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார், மம்தூஹ். "பொண்ணு வாய் நீளம், படிப்ப நிறுத்திடறேன் மேடம்" என்றார்.

நுஹா பிறந்த ஏழாம் நாள் உங்களுக்கு நினைவிருக்கும். கூடம் நிறைய விருந்தாளிகள். அப்பா வந்தார். அவரை யாரும் தடுக்கவில்லை. அவராகவே அந்த இரும்புப் படிக்கட்டில் ஏறிச் சமையலறைக்குள் வந்தார். கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் குழந்தையை வாங்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார். அதே வழியில் இறங்கிப் போனார். நீங்களும் கதவருகில்தான் நின்றிருந்தீர்கள். கூடத்துக்கு வாருங்கள் என்று நீங்கள் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. அடுத்த ரமலானுக்கு அவர் இல்லை. இதை நாம் இருவரும் ஒருமுறைகூடப் பேசியதில்லை.

உங்கள்மேல் கோபத்தில் எழுதுவதாக நினைக்காதீர்கள். அப்படி இருந்தாலும் அதில் பெரும்பங்கு என்மேல்தான்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். எனக்கு வேண்டாம், அத்தைக்கு எழுதுங்கள். நீங்கள் சொன்னால் அவர் கேட்பார். ஹனிய்யாவுக்குத் தேர்வு ஜனவரியில். அல்லாஹ் உங்கள் மனதை இளக வைக்கட்டும், உங்களை நல்லபடியாக வீடு சேர்க்கட்டும்.

உங்கள் மனைவி,
இஸ்திரிக்காரர் ஃபத்ஹியின் மகள்
ராவ்யா