112-க்கு நான் போட்ட போன்

22, செவ்வாய், இரவு.

படுத்தும் தூக்கம் வரவில்லை. காலையில் மனைவியின் தம்பி அனுப்பிய குரல் செய்தியை நான் கேட்டிருக்கவே கூடாது. "குண்டு வெச்ச தேதிங்கள கூட்டிப் பாரு மாமா, எல்லாம் நாலுதான் வர்து. ஆபத்துன்னா போட்ற நூத்திப் பன்னெண்டும் நாலு. இன்னிக்கு இருபத்திரெண்டு, அதுவும் நாலு. உஷாரா இரு."

சிரித்துக்கொண்டேதான் வேப்பம்பட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த வடநாட்டுத் தொழிலாளி, பையை வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனார். அவர் குழாய்ப் பக்கம் போனதை என் கண்ணால் பார்த்தேன். ஐந்து நிமிடமாகியும் வரவில்லை. 112-க்குப் போன் போட்டு, யாருடையதென்று தெரியாத பை கிடக்கிறது என்றேன். நேற்றாக இருந்தால் போட்டிருப்பேனா?

போலீஸ் வந்து பையைத் திறந்தது. ஒரு ஜோடி ஷூவும் சப்பாத்தி டப்பாவும் இருந்தன. தண்ணீரோடு திரும்பி வந்த அவரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் விசாரித்தார்கள். ரயிலில் ஏற மனம் வராமல் நானும் அங்கேயே நின்றேன்.

விட்டதும் அவர் நேராக என்னிடம் வந்து போனை நீட்டினார். "அண்ணா, இன்னிக்கு வேலை முதல் நாள். சூப்பர்வைசர் கோபம். நீங்க தமிழ்ல சொல்லு."

வாங்கிப் பேசினேன். "இவர் மேல தப்பில்ல சார். யாரோ தெரியாம போலீசுக்குப் போன் பண்ணிட்டாங்க."

"சரி, நாளைக்கு வரச் சொல்லுங்க, பாக்கலாம்" என்றார் சூப்பர்வைசர்.

போனைத் திரும்ப வாங்கிய தொழிலாளி என் கையைப் பிடித்துக்கொண்டு பேர் கேட்டார். வாயில் வந்த ஏதோ ஒரு பேரைச் சொன்னேன்.