ஒரே குத்து

மார்ச் 4, செவ்வாய்
பத்து நாளில் நான்காவது ஒற்றைத் தலைவலி. ஊசியும் கையுமாக நிற்கும்போதே இடது கண்ணில் மின்னல் நெளிந்தது. ரத்தம் கொடுக்கக் கையை நீட்டியிருந்த பெரியவர், "என்னம்மா, உனக்கே மயக்கம் வருதா?" என்றார். சிரித்து மழுப்பினேன்.

மார்ச் 7, வெள்ளி
வலி வந்தபின் விழுங்குவது போதாதாம். வராமல் தடுக்கத் தினமும் ஒரு மாத்திரை வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. மூன்று வகை. ஒன்று, வீசிங் இருப்பதால் எனக்கு ஆகாது. இன்னொன்று இரவில் போடுவது. தூக்கம் தள்ளும், எடை கூடும். மூன்றாவது எடையைக் குறைக்கும், சிலருக்கு விரல் மரத்துப்போகும். "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். "லேப்ல" என்றேன், அவ்வளவுதான். எடை குறையும் என்றதற்குப் பிறகு என் காதில் எதுவும் ஏறவில்லை; மூன்றாவதையே கேட்டு வாங்கினேன்.

மார்ச் 19, புதன்
விரல் நுனியில் எறும்பு ஊர்கிறது.

மார்ச் 24, திங்கள்
எட்டு மாதக் குழந்தை. கொழுகொழு கை, நரம்பே தெரியாது. இப்படிப்பட்ட கைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் கண்ணால் தேடுவதில்லை, தடவிக் கண்டுபிடிப்பேன். இன்று தடவுகிறேன், தடவுகிறேன் — ஒன்றுமே தெரியவில்லை. இரண்டு முறை குத்தினேன். இரண்டும் தவறின. "போதும், விடுங்க. வேற யாராவது இருக்காங்களா?" என்றார் குழந்தையின் அப்பா.
பதினொரு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. கழிவறையில் போய் அழுதேன். இத்தனைக்கும் போன வாரம் தலைவலியே இல்லை. மருந்து வேலை செய்யுது, அதான் கொடுமை. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை. நான் என்னத்தப் பண்றது? தலையா, விரலா?

மார்ச் 25, செவ்வாய்
"கொஞ்ச நாள் மேஜை வேலை கேளேன்" என்கிறார் கணவர். கேட்டால், ஊசி திரும்ப என் கைக்கு வருமா?

மார்ச் 28, வெள்ளி
விரலால் நரம்பு தேடி ரத்தம் எடுப்பதுதான் என் வேலை என்று டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா அந்த மாத்திரைய எழுதியே இருக்க மாட்டேனே!" இதைப் படிப்படியாகக் குறைத்துவிட்டு, இரவு மாத்திரைக்கு மாற வேண்டும். பலன் தெரியப் பல வாரம் ஆகுமாம். அதுவரை? காலையில் கண் சொக்கும் என்று லேப் மேடத்திடமும் சொன்னேன். பிற்பகல் ஷிப்ட் கொடுத்தார், முகத்தைச் சுளித்தபடி.

ஏப்ரல் 16, புதன்
விரல் திரும்பிவிட்டது. தலைவலியும்தான்.

ஜூன் 6, வெள்ளி
மே மாதம் முழுக்க இரண்டே தலைவலி. நாலரை கிலோ ஏறிவிட்டேன். "தூணுக்குச் சேலை கட்டின மாதிரி இருக்க" என்கிறார் கணவர். இவர் வயிற்றை எந்தக் கணக்கில் வைப்பதாம்?
இன்று ஒரு குழந்தை, பிறந்து இருபதே நாள். லேபில் கூட வேலை பார்ப்பவள் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க வாங்க" என்றாள். ஒரே குத்து. குழந்தை முழிக்கக்கூட இல்லை.
புது யூனிபார்முக்கு அளவு கேட்டார்கள். இரண்டு அளவு பெரிதாகவே எழுதிக் கொடுத்தேன்.